துறையூர்க்காரர்களுக்கு எத்தனை இடம்

வெள்ளி, மே 8

கத்திரி தொடங்கி ஐந்தாம் நாள். ஆபீஸில் டிராயிங் ஷீட் முழங்கையோடு ஒட்டிக்கொண்டு எழுந்து வருகிறது. கைக்கடியில் துண்டு போட்டுத்தான் கோடு இழுத்தேன். மதகு பிளான் பாதி. மீதி திங்கட்கிழமை.

சாயங்காலம் ஃபுட்பால் டோர்னமெண்ட் கமிட்டி. நேற்றைய செமி ஃபைனலில் துறையூர் ஜெயித்துவிட்டது. 17-ஆம் தேதி ஞாயிறு ஃபைனல், நம் திருச்சி டவுன் டீமும் துறையூரும். நல்ல ஆட்டமாக இருக்கும். ஆனால் அறையில் ஒரு முகத்திலும் மலர்ச்சி இல்லை.

யாருக்கு எங்கே இடம் என்று பிரித்துப் போடுவது மூன்று வருஷமாக என் வேலை. கமிட்டியில் பிளான் வரையத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மேற்கே பந்தல், நாற்காலிகள், பெரிய மனிதர்கள், ஓரமாகப் பெண்கள். கிழக்கே சவுக்குக் கட்டையில் கட்டும் காலரி. ஏழு வரிசை, 240 அடி நீளம். சாயங்கால வெயில் நேராக முகத்தில்.

ஜவுளிக்கடை தங்கவேலு எடுத்த எடுப்பிலேயே, "துறையூர்க்காரனுக்கு நூத்தைம்பது இடம். வடகோடியில. அதுக்கு மேல ஒண்ணு கூடக் கிடையாது. போன வருஷம் பட்டது போதும்."

யாரும் மறுக்கவில்லை. நானும்.

போன வருஷத்தை இங்கேயாவது எழுதிவைக்க வேண்டும். அப்போதும் இதே துறையூர், செமி ஃபைனல். முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது சடசடவென்று கோடை மழை. கிழக்குக் காலரி மொத்தமும் இறங்கும் படியை நோக்கி ஓடியது. நெரிசலில் மேல் வரிசையிலிருந்து பதினொரு பேர் விழுந்தார்கள். ஐந்து பேர் நம் ஊர், ஆறு பேர் துறையூர்ப் பக்கம். அந்த ஆறில் ஒருவர் என் மனைவி லூர்துவின் அண்ணன் சூசை. உப்பிலியபுரத்திலிருந்து மாட்ச் பார்க்க வந்தவர். வலது தொடை எலும்பு முறிந்து, கோணலாகக் கூடி, இன்றைக்கும் கம்பு ஊன்றித்தான் நடை.

கமிட்டி ரிப்போர்ட்: "துறையூரிலிருந்து வந்த கூட்டத்தின் ஒழுங்கீனமே காரணம்." கீழே நாலு கையெழுத்து. மூன்றாவது என்னுடையது.

அதற்குப் பிறகு நான் உப்பிலியபுரம் போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு லீவு இல்லை என்றேன். ஈஸ்டருக்கு வயிறு சரியில்லை என்றேன். லூர்துவையும் அனுப்பவில்லை. அண்ணன்மேல் எனக்கு ஏதோ கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

ஞாயிறு, மே 10

காலைப் பூசை. சாமியார் பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்தார், புண்ணியவான். கோவிலே விசிறியாக ஆடியது.

திரும்பும் வழியில் லூர்து, "ஃபைனலுக்குத் துறையூர் வருதாமே?"

"ஆமா."

"அண்ணன் வருமா?"

"தெரியல."

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மறுபடியும் அவள், "வந்தா எங்க உட்காரும்? அந்தக் காலை வச்சுக்கிட்டு?"

மாலை மைதானம். காலரி கட்டும் காதர் பாய் டேப்பின் ஒரு முனை, நான் ஒரு முனை. சவுக்குக் கட்டை இரண்டு வண்டி வந்து இறங்கியாயிற்று. கயிறு இன்னும் வரவில்லை. தண்ணீர் டிரம் நான்கு கேட்க வேண்டும்.

பாய் டேப்பைச் சுற்றிக்கொண்டே, "போன வருஷம் என் கட்டை ஒண்ணுகூட ஒடியல சார். பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன் பாய்."

"படிதான் பத்தல."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவருக்குத் தெரியும்.

போன வருஷம் நான் முதலில் வரைந்த பிளானில் இரண்டு படி. இடம் போதாது, போதாது என்று கமிட்டியில் எல்லாரும் முணுமுணுத்தார்கள். படியை எடுக்கும்படி யாரும் சொல்லவில்லை. நானேதான் ரப்பரை எடுத்தேன். ஒரு படிக்கு ஆறடி. ஆறடியில் வரிசைக்கு நாலு ஆள். ஏழு வரிசைக்கு இருபத்தெட்டு. இருபத்தெட்டு இடத்துக்காக ஒரு படியை அழித்தேன்.

ரிப்போர்ட்டில் அது இல்லை.

செவ்வாய், மே 12

துறையூர் டீம் செயலாளர் வந்தார். நல்லுசாமி. அரிசி மில் வைத்திருக்கிறாராம். சட்டைத் தோளில் தவிடு. மரியாதையான மனுஷர், துண்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

கேட்டது அறுநூறு இடம். தங்கவேலு நூற்றைம்பது என்றதும் சிரித்துவிட்டார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்திருப்பார். பிறகு சிரிப்பு நின்றது.

"எங்க ஊர் டீம் ஃபைனலுக்கு வர்றது இதுதாங்க முதல் தடவை. உப்பிலியபுரம், துறையூர், சுத்துப்பட்டு ஊருங்க எல்லாம் லாரி பேசி வச்சிருக்காங்க. நூத்தைம்பது பேரை நான் எப்படிங்க பொறுக்கி எடுக்கிறது?"

"அது உங்க பாடு. வந்து தள்ளுமுள்ளு பண்றதுக்கு இடம் குடுக்க முடியாது."

"நாங்க தள்ளினோம்னு பார்த்தது யாருங்க?"

அவர் கண் ஒவ்வொருவராகச் சுற்றி என்னிடம் வந்து நின்றது. பேப்பரும் பென்சிலும் என் கையில் இருந்ததால் இருக்கலாம். குனிந்து பென்சில் சீவினேன். நன்றாகக் கூராக இருந்த பென்சில்.

போகும்போது எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டுத்தான் போனார். எனக்கும்.



புதன், மே 13

ஆபீஸ் விட்டு நேரே பஸ் ஏறி ஸ்ரீரங்கம். பாலத்தின்மேல் அனல். ஆறு முழுக்க மணல், நடுவில் ஒரு கோடு தண்ணீர்.

கமிட்டித் தலைவர் வக்கீல் சம்பத் ஐயங்கார் கோவிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். "வாரும் சேவியர். பெருமாளைச் சேவிச்சுட்டு இப்பத்தான் உள்ளே நுழையறேன். என்ன, முகம் இப்படி இருக்கு? உட்காரும்."

உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயம். நின்றபடியே எல்லாம். இரண்டு படி, ரப்பர், இருபத்தெட்டு இடம், கையெழுத்து.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேல்துண்டால் துடைத்தார்.

"ஒரு வருஷமா ஏன் ஓய் சொல்லலை?"

"பயம்."

"யாரிடத்தில்?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நானும்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். "கோர்ட்டிலே தினம் சாட்சியைக் குடைஞ்சு எடுக்கறவன். இதிலே ஒரு கேள்வி கேட்டேனா? பழியைத் தூக்கி அவா தலையிலே போட்டதோட சரி." காபி வந்தது. குடிக்கச் சொன்னார். "நாளைக்கு மீட்டிங் கூட்டறேன். ஆனா உமக்காக நான் பேச மாட்டேன். நீர்தான் சொல்லணும்."

வியாழன், மே 14

சொன்னேன்.

தங்கவேலு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அப்ப ஒரு வருஷமா நாங்க ஊரெல்லாம் போய் அவனுங்களைத் திட்டினது? என் கடைக்குத் துறையூர்க்காரன் ஒருத்தன் வர்றதில்ல தெரியுமா? இப்ப வந்து ரப்பர்ங்கிறீங்க, படிங்கிறீங்க! இந்த வருஷம் பிளானை மட்டும் உங்களை நம்பி எப்படிக் குடுக்கிறது?"

நியாயமான கேள்வி.

காதர் பாயையும் வரச் சொல்லியிருந்தார்கள். கதவோரம் நின்றவர், "நானும் ஒத்தப்படின்னு பார்த்துட்டுத்தாங்க கட்டினேன். வாயைத் திறக்கல. சாரை மட்டும் சொல்லாதீங்க" என்றார். அவர் அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

முடிவு:
- துறையூருக்குக் கிழக்குக் காலரியின் வடபாதி. 448 இடம்.
- நமக்குத் தென்பாதி. 504.
- நடுவே 12 அடி காலி. இரண்டு பக்கமும் கயிறு.
- ஒவ்வொரு பாதிக்கும் இரண்டு படி. மொத்தம் நாலு.
- தண்ணீர் டிரம் இரு பக்கமும் இரண்டிரண்டு.
- ரிப்போர்ட்டைத் திருத்தித் துறையூருக்குக் கடிதம்.
- ஃபைனல் முடிந்ததும் நான் கமிட்டியிலிருந்து விலக வேண்டும். ஒப்புக்கொண்டேன்.

போன வருஷத்தைவிட 140 இடம் குறைவு. அதைப் பற்றி இன்று யாரும் முணுமுணுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து லூர்துவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே ஆய்ந்தாள். முடித்ததும் தண்டுகளையெல்லாம் முறத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு,

"வக்கீலுக்குச் சொல்லி, கமிட்டிக்குச் சொல்லி, கடைசியா எனக்கா?"

முறத்தைத் தூக்க நான் குனிந்தேன். அவள் விடவில்லை.

"ஒரு வருஷமா எங்க அண்ணன் என்ன தப்புப் பண்ணுச்சுன்னு ஜெபத்துல கேட்டுக்கிட்டிருந்தேன்."

அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "நாளைக்கே போய் அதுகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் கூட வரமாட்டேன்."

வெள்ளி, மே 15

லீவு. காலை பஸ். துறையூரில் இறங்கி வேறு பஸ். வழியெல்லாம் லாரிகளில் டீம் கொடி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்: "நம்ம சென்டர் பார்வர்டு காலு இருக்கே, அது காலே இல்லீங்க." நான் எந்த ஊர் என்று கேட்டார். திருச்சி என்றேன். "பரவால்ல" என்றார்.

உப்பிலியபுரம். பச்சைமலை வெயிலில் சாம்பல் நிறமாக நின்றது. சூசை மச்சான் வெங்காயக் கொட்டகையில் முக்காலிமேல் உட்கார்ந்து தரம் பிரித்துக்கொண்டிருந்தார். வலது கால் நீட்டியபடி. தலைமுடி பாதி நரைத்துவிட்டது.

"வாங்க மாப்ள." அதே குரல். அவர் சம்சாரம் ஓடிப் போய் மோர் கொண்டுவந்தது.

இதற்குள் மூன்று தடவை சொன்னதுதானே, இப்போது சுலபமாக வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. பாதி சொன்னேன். மோரைக் குடித்துவிட்டு மிச்சத்தைச் சொன்னேன்.

அவர் கை வெங்காயத்தின்மேல் அப்படியே நின்றது.

"எனக்கு நேர் பின்னாடி யார் உட்கார்ந்திருந்தது தெரியுமா மாப்ள? அருளப்பன். ஒண்ணாப்புலேருந்து கூட்டாளி. துறையூர் ஆளுங்கதான் தள்ளினதுன்னு உங்க கமிட்டி எழுதிச்சு. மாப்ள கையெழுத்துப் போட்டிருக்காரு, பொய்யா இருக்காதுன்னு நெனச்சேன். அப்ப என்னைத் தள்ளினது யாரு? அவன்தானே? நான் இல்லடா, நானும் நெரிசல்ல மாட்டிக்கிட்டேன்னு அவன் மாதா மேல சத்தியம் பண்ணினான். நான் நம்பல." வெங்காயத்தைக் கூடையில் போட்டார். "அவன் பொண்ணு கல்யாணத்துக்குப் போகல மாப்ள. கூப்பிட வந்தவனைத் திண்ணையில விட்டுட்டு உள்ள படுத்துக்கிட்டேன்."

காலைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு காலைத்தான் ஒடித்தேன் என்று கணக்கு வைத்திருந்தேன்.

கம்பை எடுத்து ஊன்றி எழுந்தார். "வாங்க. அவன்கிட்டயும் சொல்லுங்க."

இரண்டு தெரு. கம்பு நடைக்குக் கால் மணி நேரம். அருளப்பன் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் கையைத் தொட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. சொன்னேன். ஐந்தாவது தடவை.

அருளப்பன் என்னைப் பார்க்கவில்லை. சூசையையே பார்த்தார்.

"இப்பவாவது நம்புறியா?"

"நம்புறேன்டா."

"திருச்சியிலேருந்து ஆள் வந்து சொல்லணும் உனக்கு."

சூசை தலையைக் குனிந்துகொண்டார். நான் இருக்கக் கூடாத இடம். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். இரண்டு பேரும் தொட்டிக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தார்கள். பேசினார்களா என்று தெரியவில்லை.

ஞாயிறு, மே 17 (எழுதுவது திங்கள் காலை)

காலை ஆறு மணிக்கு மைதானம். நாலு படியிலும் நானே ஏறி இறங்கிப் பார்த்தேன், இரண்டிரண்டு தடவை. காதர் பாய்: "போதும் சார், படி தேய்ஞ்சிடும்."

இரண்டு மணியிலிருந்து லாரிகள். 448 பேர் என்று பேர். எனக்குத் தெரிந்து அறுநூறுக்குப் பக்கம் இருக்கும். மூன்றரைக்கு வடபாதி நிரம்பிவிட்டது. கதவுக்கு வெளியே நூற்று முப்பது, நூற்று நாற்பது பேர். பெண்கள், கைக்குழந்தைகள். நல்லுசாமி கதவருகே கையைப் பிசைந்துகொண்டு, "வராதீங்கன்னு சொன்னேங்க. கேட்கலீங்க."

நம் தென்பாதியில் முந்நூறு பேர்தான். லால்குடிப் பக்கம் ஆட்கள் வந்தார்கள். ஆனால் டவுன்காரர்கள் வெயிலுக்குப் பயந்து பந்தலுக்குப் போய்விட்டார்கள். கயிற்றை ஒட்டி முப்பத்தாறடி காலி.

கயிற்றை முப்பத்தாறடி தெற்கே நகர்த்தினால் வெளியில் நிற்பவர்கள் அத்தனை பேருக்கும் இடம். ஆனால் நம் பக்கத்துப் படி ஒன்று அவர்களிடம் போய்விடும். நம் ஆட்களுக்கு மிஞ்சுவது ஒரே படி.

ஒரே படி.

பாயிடம் போனேன். "தெற்குக் கோடியில இன்னொரு படி. ஆட்டம் ஆரம்பிக்க நாற்பது நிமிஷம் இருக்கு."

பாய் கட்டைக் குவியலைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார். "இன்ஷா அல்லா. ஆளுங்களைக் கூப்பிடுங்க."

தங்கவேலு ஓடி வந்தார். "யாரைக் கேட்டு?"

"யாரையும் கேட்கல. படி முடிஞ்சாத்தான் கயிறு நகரும். முடியலன்னா நகராது. நீங்களே பக்கத்துல நின்னு பாருங்க."

நின்றார். ஐந்து நிமிஷம் பொறுத்து, பாயின் ஆள் பலகையைத் தூக்கத் திணறியபோது இன்னொரு முனையைப் பிடித்தார். ஜரிகை வேட்டியோடு.

படி முடிந்தது. நான், பாய், தங்கவேலு மூன்று பேரும் சேர்ந்து ஏறிக் குதித்துப் பார்த்தோம். பிறகு கயிறு. நம் ஆட்களைத் தள்ளி உட்காரச் சொன்னதற்கு ஏச்சு. "எங்க ஊர் மைதானத்துல நாங்க ஒதுங்கணுமா?" ஒரு கிழவர், லால்குடிப் பக்கத்து ஆள் மாதிரி: "கைப்புள்ளையோட பொம்பளைங்க நிக்குதுங்கய்யா. நகருங்க, சார் நல்லாத்தானே கேட்கிறாரு?" நகர்ந்தார்கள். ஆட்டம் பத்து நிமிஷம் தாமதம்.

துறையூர்க் கதவில் கடைசியாக வந்தவர்களில் சூசை மச்சான். கூட அருளப்பன். தரையில் பெஞ்சு போட்டிருந்தேன் அவருக்கு. வேண்டாம் என்றுவிட்டார். கம்பை என்னிடம் கொடுத்துவிட்டுப் படியின் கைக்கட்டையைப் பிடித்து ஏறினார். அருளப்பன் ஒரு படி கீழே, அவர் முதுகில் கை வைத்தபடி. மூன்றாவது வரிசை வரை ஏழெட்டு நிமிஷம் ஆயிற்று. பின்னால் நின்ற யாரும் அவசரப்படுத்தவில்லை.

லூர்து பந்தலில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தவள் எழுந்து, மைதானத்தைச் சுற்றி நடந்து, துறையூர்ப் பக்கம் ஏறி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். டவுன் கமிட்டிக்காரன் பெண்டாட்டி. எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

டவுன் 2, துறையூர் 1. முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது டவுனின் இரண்டாவது கோல்.

விசில். வடபாதியில் ஓவென்று ஒரு சத்தம், பிறகு அமைதி. எழுந்தார்கள். மூன்று படியிலும் வரிசையாக. ஒருவன் தண்ணீர் டிரம் ஒன்றை உருட்டிவிட்டான், அவ்வளவுதான் சேதம். பதினான்கு நிமிஷத்தில் காலரி காலி. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

நல்லுசாமி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். தோற்ற மனுஷர், என்ன பேசுவது என்று தெரியாமல், "அடுத்த வருஷம் எங்க ஊர்ல வைக்கச் சொல்லுங்க. உங்களுக்கு நல்ல இடமாத் தரோம்."

புதன், மே 20

மேகம். தூறல் இல்லை. மதகு பிளான் முடிந்தது.

திருத்திய கடிதம் நேற்றே தபாலில் போய்விட்டது. வக்கீல் எழுதியது, ஒரு பக்கம். நெரிசலுக்குக் காரணம் படி போதாததே, துறையூர் மக்கள்மேல் குற்றமில்லை, வருந்துகிறோம். என் ராஜினாமாவையும் கொடுத்துவிட்டேன். தங்கவேலு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். படிக்கவில்லை.

சூசை மச்சான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நம் வீட்டில். லூர்து விடவில்லை. இன்று பெரியாஸ்பத்திரியில் காட்டினோம். கால் பழையபடி நேராகாது என்றார் டாக்டர். மூன்று மாதம் பயிற்சி செய்தால் கம்பில்லாமல் வீட்டுக்குள் நடக்கலாம். வயல் வரப்பில் கஷ்டம்தான். மச்சான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். எனக்குத்தான் திரும்பும் வழியில் ரிக்‌ஷாவுக்கு வழி சொல்ல வாய் வரவில்லை.

அவர் என்னை மன்னித்துவிட்டாரா, தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

சாயங்காலம் காபி குடிக்கும்போது, "அந்த ரெண்டாவது கோல் ஆஃப்சைடு மாப்ள. கண் இருக்கிறவன் எவனும் சொல்லுவான். நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் பார்க்கல மச்சான்."

"எதைப் பார்க்கல?"

"ஆட்டத்தையே பார்க்கல. ஒன்றரை மணி நேரமும் படிக்குக் கீழ நின்னுக்கிட்டு இருந்தேன். கட்டுக்கயிறையும் ஆளுங்க காலையும் பார்த்துக்கிட்டு."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். லூர்து அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

பிறகு மச்சான் நீட்டிய காலைக் கையால் தூக்கி நகர்த்தி, பக்கத்தில் இடம் விட்டார். "இப்படி வந்து உட்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். டம்ளரை டவுன் கோலாக வைத்து, டபராவைத் துறையூர்க் கோலாக வைத்து, முதல் விசிலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.